தகட்டில் 218/1000 என்று இருந்தால் அது லிமிடெட் எடிஷன் ஆகிவிடுமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவர், இப்போது ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறார். இளம் வயதிலிருந்தே பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மீது ஆசை. திருவனந்தபுரத்தில் ஒருவர் 1980ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை விற்பதாகக் களியக்காவிளையைச் சேர்ந்த புரோக்கர் சொல்ல, போய்ப் பார்த்திருக்கிறார். கூரையை மடக்கக்கூடிய இரண்டு சீட் வண்டி. கருப்பு நிறம், பளபளக்கும் குரோம் பம்பர், கம்பிச் சக்கரங்கள், வலப்பக்க ஸ்டியரிங். டேஷ்போர்டில் ரிவெட் அடித்த பித்தளைத் தகட்டில் 218/1000 என்று பொறித்திருக்கிறது. “உலகத்திலேயே ஆயிரம் வண்டிதான், அசல் லிமிடெட் எடிஷன்” என்று விற்பவர் வாட்ஸ்அப்பில் எழுதி, விலை ரூ.22 லட்சம் என்று சொல்லியிருக்கிறார்.

வாசகர் ரூ.2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ரசீதில் “1980 எம்.ஜி.பி. கருப்பு நிற கார், உள்ளது உள்ளபடி” என்றும், வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் திரும்பாது என்றும் மட்டுமே இருக்கிறது. மீதியை ரொக்கமாகத் தந்தால் விலையில் கொஞ்சம் குறைப்பதாகப் பேச்சு. இதற்கிடையில், ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் இன்ஜினில் உள்ள நம்பரும் வேறு வேறாக இருப்பதை அவருடைய மகன் கவனித்துச் சொல்லியிருக்கிறார். மைத்துனரோ, “தகடே இருக்கு, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்கிறாராம். ஆயிரத்தில் ஒன்று என்பது உண்மையா, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, வின்டேஜ் காராகப் பதிவு செய்ய முடியுமா, சில ஆண்டுகள் வைத்திருந்து நல்ல லாபத்துக்கு விற்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மைத்துனரின் வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். நிலம் வாங்கும்போது, வேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன என்பதற்காக நாம் பணம் கொடுத்துவிடுவதில்லை, மூலப்பத்திரத்தைக் கேட்கிறோம். இந்த வண்டிக்கும் மூலப்பத்திரம் உண்டு. அது தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேட்டில் இருக்கிறது, டேஷ்போர்டில் இல்லை. பித்தளையில் எண் பொறித்து ரிவெட் அடித்துத் தர நாகர்கோவிலில் உள்ள பெயர்ப்பலகைக் கடைக்கு ஒரு மதிய வேளை போதும். அந்தத் தகடு பொய் என்று நான் சொல்லவரவில்லை; அது எதையும் நிரூபிக்காது என்றுதான் சொல்கிறேன்.

லிமிடெட் எடிஷன் என்றால் என்ன

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஒரு வகை இல்லை, ஆர்.சி.யில் அதற்கென ஒரு கட்டமும் இல்லை. பழைய கார்களை அறிந்தவர்கள் சில அடையாளங்களைப் பார்ப்பார்கள். வண்டியைத் தயாரித்த நிறுவனமே, தயாரித்த காலத்திலேயே, இது தனிப் பதிப்பு என்று அறிவித்திருக்க வேண்டும். எத்தனை வண்டிகள் என்பது வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண வண்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் நிறமோ பாகமோ இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உங்கள் முன்னால் நிற்கும் இந்தக் குறிப்பிட்ட வண்டி அந்த வரிசையில் வெளிவந்தது என்பதற்குத் தொழிற்சாலைப் பதிவு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் மற்றவை வெறும் பேச்சு.

குறைந்த எண்ணிக்கையும் லிமிடெட் எடிஷனும் ஒன்று என்று நீங்கள் எண்ணுவது கடிதத்தில் தெரிகிறது. இது பலருக்கும் ஏற்படும் மயக்கம். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை வெறும் 36 வண்டிகள்தான் உருவானது. ஆனால் அது பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட கார், பதிப்பு எண் போட்டு விற்ற கார் அல்ல. போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 இன்னொரு விதம். பந்தய விதிப்படி 500 வண்டிகள் விற்றாக வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய தயாரிப்பு, தேவை பெருகியதால் 1,580ஐத் தொட்டது. ஃபெராரி எஃப் 40ஐ 400 அளவில் நிறுத்துவதாக இருந்தது, 1,300ஐத் தாண்டியது. ஆகவே நிறுவனம் முதலில் சொன்ன எண்ணும் கடைசியில் வெளிவந்த எண்ணும் ஒன்றாக இருக்கும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. விற்காமல் தேங்கிப்போனதால் எண்ணிக்கை குறைந்த கார்களும் உண்டு. அவற்றை அரியவை என்று சொல்லலாம், பதிப்பு என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். இன்று நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே உறவு. எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. தயாரிப்பை நிறுத்தும் தறுவாயில், 1980இல், பிரிட்டனில் விற்பதற்காக ஆயிரம் வண்டிகளை ‘எல்.இ.’ (லிமிடெட் எடிஷன்) என்ற பதிப்பாகத் தயாரித்தார்கள். எனவே ஆயிரம் என்ற எண்ணை விற்பவர் தாமாகக் கற்பனை செய்யவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தில் 420 திறந்த வண்டிகள். அவை வெண்கல நிறம். மீதி 580 மூடிய கூரை கொண்ட ஜி.டி. வண்டிகள், அவை ஈயச் சாம்பல் கலந்த வெள்ளி நிறம். கருப்பு அந்த ஆயிரத்தில் இல்லை.

கருப்பு எல்.இ. என்றும் ஒன்று உண்டு. அது அமெரிக்காவுக்காக, இடப்பக்க ஸ்டியரிங்குடன் செய்யப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேல் தயாரானது. ஆறாயிரத்துக்கு மேல் செய்துவிட்டு அதை லிமிடெட் என்று சொல்ல விற்பனைத் துறையால்தான் முடியும்! கருப்பு நிறத்தையும் தகட்டையும் ஒன்றாகக் கேட்கும்போது எனக்கு ஜாகுவார் இ-டைப் நினைவுக்கு வருகிறது. 1974இல் கடைசியாக வந்த 50 இ-டைப் கார்களில் 49ஐக் கருப்பாகவும் ஒன்றைக் கரும்பச்சையாகவும் செய்து, நிறுவனர் வில்லியம் லயன்ஸின் கையெழுத்துடன் தகடு பதித்தார்கள். எங்கோ கேட்ட அந்தக் கதையை யாரோ இந்த வண்டியின் மேல் ஏற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அது சந்தேகம் மட்டுமே.

குரோம் பம்பரும் யோசிக்க வைக்கிறது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து எம்.ஜி.பி.க்குக் கருப்பு ரப்பர் பம்பர்தான் வந்தது. 1980 வண்டியில் குரோம் பம்பர் இருக்கிறதென்றால், அழகுக்காகப் பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது வண்டியின் ஆண்டே வேறு. மாற்றியது குற்றமல்ல. அசல் மாறாமல் இருப்பதற்காகவே கூடுதல் விலை கேட்கும் ஒரு பொருளில் அது குறைதான்.

காகிதத்திலும் இரும்பிலும் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தின் கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகம், எம்.ஜி. உள்ளிட்ட பழைய பிரிட்டிஷ் கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. சேஸ் நம்பரைக் கொடுத்து, உரிய கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், அந்த வண்டி கட்டப்பட்ட நாள், முதல் இன்ஜின் நம்பர், முதல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள். விற்பவர் ஒரு சான்றிதழை நீட்டினாலும், நீங்களே தனியாக விண்ணப்பியுங்கள். சேஸ் நம்பரை ஆர்.சி.யிலிருந்து எழுதி அனுப்பாமல், வண்டியில் உள்ள நம்பரை நேரில் பார்த்துப் படம் எடுத்து, அதிலிருந்து எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

சான்றிதழில் வெண்கல நிறம் என்று வந்தால், இது அசல் எல்.இ., பின்னர் கருப்பு அடிக்கப்பட்டது என்று கொள்ளலாம். பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழித்து விலை பேசலாம். கருப்பு நிறம், அமெரிக்க ஏற்றுமதி என்று வந்தால், இதுவும் லிமிடெட் எடிஷனாக இருக்கலாம்; ஆனால் ஆயிரத்தில் ஒன்று அல்ல, ஸ்டியரிங்கும் இடம் மாற்றப்பட்டிருக்கிறது. அமெரிக்க வண்டிகளுக்கு அந்த ஆண்டுகளில் ஒற்றைக் கார்புரேட்டர், பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், பானெட்டைத் திறந்தால் இதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும், ஆனால் கார்புரேட்டரும் மாற்றக்கூடியது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வேறு எந்த நிறமாவது வந்தால், அது ஐந்து லட்சத்தில் ஒன்று.

நிறத்தை இங்கேயே ஓரளவு சோதிக்கலாம். நல்ல டிங்கரிங் ஆள் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கதவு ரப்பரைச் சற்று இழுத்துப் பார்க்கட்டும். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடிக்கட்டும். வெளியே எத்தனை கோட் கருப்பு அடித்திருந்தாலும், இந்த மூலைகளில் முதல் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியைக் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஜி.பி. துருப்பிடிக்கும் முதல் இடம் அது. வண்டியின் உடலே சேஸாகவும் இருப்பதால், அங்கே காந்தம் ஒட்டாமல் பட்டி பூசியிருந்தால் நீங்கள் வாங்குவது வண்டியின் பலத்தை அல்ல, பட்டியை. கடற்காற்று படும் ஊரில் நெடுங்காலம் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இன்ஜின் நம்பர்: உங்கள் மகன் சொன்னதே முக்கியம்

பழைய இன்ஜின் ஜாம் ஆகிவிட்டதால் மாற்றினோம் என்று விற்பவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும், நம் அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஒரே ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் நம் மெக்கானிக்குகள் அம்பாசிடர் இன்ஜினை இதில் பொருத்தியிருந்தால் நான் வியக்க மாட்டேன். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு தகட்டைப் பாருங்கள். எழுபதுகளின் எம்.ஜி.பி. இன்ஜின் நம்பர் 18வி என்று தொடங்கும். அப்படித் தொடங்கவில்லை என்றால், லிமிடெட் எடிஷன் என்ற பேச்சுக்கே முன்னதாக, இது எந்த வண்டியின் இன்ஜின் என்ற கேள்வி எழுகிறது.

சட்டப்படி இதுதான் உங்கள் பெரிய ஆபத்து. இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் வேறுபட்டால் பதிவையே ரத்து செய்ய 55(5)ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கேரளப் பதிவு வண்டியை என்.ஓ.சி. வாங்கி மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுவந்து டி.என். 75 எண் கேட்கும் நாளில், ஆய்வாளர் முதலில் பார்ப்பது இந்த இரண்டு நம்பர்களைத்தான். அங்கே சிக்கினால் தமிழ்நாட்டு வரி, எஃப்.சி. என எதுவும் நகராது. ஆகவே இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றி, எஃப்.சி.யைப் புதுப்பித்து, பழைய ஆர்.சி. ஆன்லைனில் ஏறவில்லை என்றால் அந்த பேக்லாக் என்ட்ரியையும் முடித்துத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்பதால், சுங்கத் தீர்வை கட்டிய ஆவணத்தின் நகலையும் கேளுங்கள்.

வின்டேஜ் பதிவு பற்றிய உங்கள் எண்ணம் சரியல்ல. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கே அந்த வகை. 1980 வண்டி எப்படிக் கணக்கிட்டாலும் 2030க்கு முன் அதில் வராது. இன்ஜின் மாறியிருந்தால் அப்போதும் ஆட்சேபம் வரும். அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

அட்வான்ஸும் உங்கள் உரிமையும்

சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 15ஆம் பிரிவு, வருணித்து விற்கும் பொருள் அந்த வருணனைக்குப் பொருந்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் உள்ளார்ந்த நிபந்தனையாக்குகிறது. “அசல் லிமிடெட் எடிஷன், ஆயிரத்தில் 218” என்பது வருணனை. அது ரசீதில் இல்லை, வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அந்தச் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல், போனை மாற்றாமல் வைத்திருங்கள். உரிய சான்றுடன் அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும். “உள்ளது உள்ளபடி” என்ற வாசகம் வண்டியின் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் விற்பவரைக் காக்கலாம். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னதற்கு அது கேடயமாகாது என்பதே என் கருத்து. தவறான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி நீங்கள் ரத்து செய்யலாம். அப்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் வலுவான நியாயம் உண்டு. காரணமே இல்லாமல் மனம் மாறிப் பின்வாங்கினால் நிலை வேறு.

ஆனால் அதே 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாதாரணக் கவனத்துடன் விசாரித்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர், வேண்டுமென்றே செய்த மோசடி அல்லாத தவறான கூற்றைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. மகன் சொல்லிவிட்டார், நம்பர் வேறுபடுவது உங்களுக்குத் தெரியும், இப்போது நிறக் கணக்கும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு மீதி ரூ.20 லட்சத்தையும் கொடுத்துவிட்டு, ஏமாந்துவிட்டேன் என்று நாளை வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதிக வேலை இருக்காது. உங்கள் உரிமை பலமாக இருப்பது மீதியைக் கொடுக்காமல் இருக்கும் இந்த நாட்களில்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ரூ.50 லட்சம் வரையிலான பொருளுக்கு, நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்ற முறையில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம் என்பது உண்மை. விற்பவர் பழைய கார்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவராக இருந்தால் மட்டுமே அது பொருந்தும்; சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் தனிநபர் என்றால் சிவில் நீதிமன்றமே வழி. இன்னொன்றையும் கவனியுங்கள். மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சில ஆண்டுகள் வைத்திருந்து லாபத்துக்கு விற்கப் போவதாக எனக்கு எழுதியதை விற்பவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், அது உங்களுக்கு எதிரான ஆவணம்.

லாபக் கணக்கைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அடுத்து வாங்குபவரும் இதே கேள்விகளைக் கேட்பார். சான்றிதழ் இல்லாமல் அவர் ஆயிரத்தில் ஒன்றுக்கான விலையைத் தர மாட்டார். எம்.ஜி.பி. என்ற காரை ஓட்டும் ஆசைக்காக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சாதாரண எம்.ஜி.பி.யும் நல்ல வண்டிதான். சாதாரண எம்.ஜி.பி.யின் விலைக்கு வாங்குங்கள்.

இந்த வாரமே விற்பவருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர் சொன்ன வருணனையை அப்படியே எடுத்து எழுதி, அதை நம்பியே அட்வான்ஸ் கொடுத்ததாகக் குறிப்பிடுங்கள். இன்ஜின் நம்பர் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுங்கள். கெய்டன் சான்றிதழ் வரும்வரை மீதித் தொகைக்கான காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். வருணனை பொய்த்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். மீதித் தொகை வங்கி வழியாக மட்டுமே என்பதையும் சேர்த்துவிடுங்கள். ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் பெறுபவருக்கு; ஆனால் நாளை உண்மையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் சான்றிதழுக்காகக் காத்திருங்கள். மறுத்தாலோ, பதினைந்து நாளில் பதில் வராவிட்டாலோ, ரசீது நகல், வாட்ஸ்அப் பதிவு, இரண்டு நம்பர்களின் படங்கள், தபால் ஒப்புகை ஆகியவற்றுடன் உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, ஒப்பந்தத்தை ரத்து செய்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸை அனுப்பச் சொல்லுங்கள்.